கடலோர அருங்காட்சியகங்களில் நாங்கள் சந்தித்த மனிதர்கள்

பென்னாகரம், பள்ளி ஆசிரியர்:

அருங்காட்சியகம் என்றால் எழும்பூர், அதை விட்டால் தஞ்சாவூர் என்று நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் நிறுத்திக்கொள்கிறோம். கடலோர ஊர்களில் இருக்கும் சின்னக் காட்சிக்கூடங்களுக்குப் போய்வந்தவர்களும் இங்கே உண்டு. போனவர்கள் எழுதுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதோடு, அங்கே யாரிடம் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பூம்புகாருக்குக் கூட்டிப் போயிருந்தோம். சேலம், ஆத்தூர், சிதம்பரம், சீர்காழி என்று ராத்திரியெல்லாம் பேருந்து. இறங்கியதும் எல்லோரும் பார்க்கும் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்தோம். 1973-இல் திறந்தது, ஏழு நிலை மாடம், சுவர் முழுக்கக் கண்ணகி கதை கல்லில். அது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது, கடலடி ஆய்வுக்காகத் தொல்லியல் துறை 1997-இல் அங்கே தொடங்கிய அகழ்வைப்பகம் பற்றி.

எங்கள் பிள்ளைகளுக்குக் காவிரி என்றால் ஒகேனக்கல்தான். பாறை இடுக்கில் பாய்ந்து, சாரல் புகையாய்க் கிளம்பி, பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாதபடி இரையும் ஆறு. கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்ததும் ஒரு மாணவி, "இதுவா சார் காவிரி? இவ்வளவுதானா?" என்றாள். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும், கல்லணையில் வெண்ணாறு பிரிவதையும், மீதியை வழியெல்லாம் வயல்கள் வாங்கிக்கொள்வதையும் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தேன். பணியில் இருந்த அம்மா காதில் இது விழுந்திருக்கிறது. "எந்த ஊரு சார் நீங்க?" என்றார். பென்னாகரம் என்றேன். "அப்ப ஒகேனக்கல் பக்கமா? இப்ப எத்தனை கன அடி வருது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறதாம். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எவ்வளவு, ஒகேனக்கல்லில் எவ்வளவு, மேட்டூரில் நீர்மட்டம் எத்தனை அடி என்று காலைச் செய்தியில் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கே கிளம்புவாராம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால்தான் அவர்களுக்குக் குறுவை. கேள்வி கேட்ட மாணவியின் அப்பா பரிசல் ஓட்டுகிறவர். அவள், "தண்ணி கூடினா பரிசலுக்குத் தடை போட்டுடுவாங்கம்மா. எங்கப்பாவுக்கு வேலை இருக்காது" என்றாள். "அய்யய்ய, நாங்க தண்ணி கூடணும்னுல்ல சாமி கும்பிடுறோம்!" என்று அந்த அம்மா அவள் தலையை வருடிக் கொடுத்தார். அதன்பிறகு அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு பொருளையும் அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் விளக்கினார்.

பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் 1960-களில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்றும், படகைக் கட்டுவதற்கு நட்டிருந்த மரத்தூண்களும் வெளிப்பட்டன. மரத்தைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு என்று வந்தது. 1990-களில் கடலுக்குள் தேடியபோது, கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவில் ஓர் அமைப்பு தென்பட்டது. மனிதர் கட்டியதா, இயற்கையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இந்த இடத்தில் அந்த அம்மா எங்களிடம் அளந்து பேசியது எனக்கு ரொம்பப் பிடித்தது. "முடிவா தெரியலை, அதனால நான் கட்டடம்னு சொல்ல மாட்டேன்" என்றார். மேடைகளில் பேசுகிறவர்களிடம்கூட இந்த நிதானத்தைப் பார்ப்பது அரிது.

கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளைப் பார்த்து ஒரு பையன், "எங்க கொல்லையில ஏர் ஓட்டும்போது இதே மாதிரி வரும்" என்றான். உண்மைதான். நம் பக்கத்து மேட்டு நிலங்களிலும் அதே வகைப் பானை ஓடுகள் கிடைக்கின்றன. அவன் அதுவரை அதை எடுத்துத் தவளைக்கல் விட்டுக்கொண்டிருந்தவன்.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்:

சார், உங்கள் பதிவைப் படித்ததும் தரங்கம்பாடி ஞாபகம் வந்தது. பூம்புகாரிலிருந்து பக்கம்தான். போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அது. 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய ஊரும் இதுதான். தமிழில் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் இங்கே அச்சாகி முடிந்தது. அவர் வாழ்ந்த வீடும் இப்போது அருங்காட்சியகம்.

நான் மறக்க முடியாதது மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நடந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த கோயில். அதன் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கல்லில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் பையனை அழைத்து, அலை அடிக்கும் இடத்தைக் காட்டி, "தம்பி, நான் உன் வயசுல அங்க நின்னு பட்டம் விட்டிருக்கேன்" என்றார். அங்கே இப்போது தண்ணீர். 2004 டிசம்பர் 26 அன்று அவர் குடும்பத்தில் போனவர்களைப் பற்றியும் சொன்னார். அதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. கோட்டை பார்த்த களைப்பில் இருந்த பையன் அவர் பக்கத்திலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தான்.

காவேரிப்பட்டணம், தையல் கடை நடத்துபவர்:

நான் போனது புதுச்சேரி அருங்காட்சியகம், பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில். மாடியில் பிரெஞ்சுக்காரர் காலத்துச் சாமான்கள் நிறைய. கட்டில், நாற்காலி, பல்லக்கு எல்லாம் அழகுதான், எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. கீழே, புதுச்சேரியை ஒட்டிய பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்கள் முன்னால் நின்றவள் நகரவே இல்லை.

தொல்லியல் அறிஞர் வீலர் 1945-இல் அங்கே தோண்டி, ரோமானியர் மது கொண்டுவந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் உடைசல்களையும், இத்தாலி நாட்டு மண்கலங்களின் ஓடுகளையும் எடுத்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் பார்த்தது பாசிமணிகளை. நாற்பது வருடமாக ஊசியில் நூல் கோக்கிற கை என்னுடையது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி மணி, அதற்குள் என் மெல்லிய ஊசிகூட நுழையாத துளை. பச்சை, கருநீலம், செங்கல் சிவப்பு. சிலதில் துளை மணியின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக ஒதுங்கி இருக்கும். அந்த மணியைப் பார்த்தால் செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

காவலாளி அய்யா நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு வந்தார். அதட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அம்மா, இந்தப் பக்கம் வந்து நின்னு பாருங்க, வெளிச்சம் விழும்" என்றார். கண்ணாடியை உருக்கிக் குழாயாக நீளமாய் இழுத்து, அதைத் துண்டு துண்டாய் வெட்டித்தான் இந்த மணிகளைச் செய்தார்கள், துளை போடுவதில்லை, இழுக்கும்போதே துளை வந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பிறகு நான் எங்கள் ஊரில் சீலைக்கு மணி வைத்துத் தைப்பது எப்படி என்று அவருக்குச் சொன்னேன். காவலாளி வேலை என்று சொல்லிக்கொள்கிறார்கள், எனக்கு அவர் வாத்தியார்.

பாப்பாரப்பட்டி, ஓய்வுபெற்ற நூலகர்:

எங்கள் ஊரில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி.யோடு நின்றவர். சிறை அவருக்குத் தொழுநோயைக் கொடுத்தது. நோயைக் காட்டி ரயிலில் ஏறத் தடை போட்டார்கள். கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார். கடைசியில் பாப்பாரப்பட்டியில் பாரதமாதா கோயில் கட்ட வேண்டும் என்று உழைத்து, 1925 ஜூலை 23 அன்று இங்கேயே கண் மூடினார்.

அவர் போராடிய கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தூத்துக்குடி போய், அங்கிருந்து ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த இல்லத்துக்கும் போனேன். நினைவில்லம், உள்ளே படங்கள், சிறு நூலகம். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய கதை சுவரில் படமாக இருக்கிறது. பதிவேட்டில் ஊர்ப் பெயர் எழுதினேன். பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். "பாப்பாரப்பட்டியா? சிவா அடங்கின ஊரா?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரிலேயே அந்தப் பெயரைச் சொன்னால் பேருந்து நிறுத்தம் எது என்று கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுநூறு எண்ணூறு ஆள் இருக்கிற கூட்டத்தில் மாலை போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நிறைந்திருக்காது.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அங்க அவருக்குக் கடைசியா கஞ்சி ஊத்தினது யாரு?" எனக்குத் தெரிந்த கேள்வி இல்லை அது. ஊர் திரும்பியதிலிருந்து வயதானவர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

தருமபுரி நகரம், இல்லத்தரசி:

அய்யா எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன்.

என்னுடையது எதிர்ப்பக்கக் கதை. என் மகளை நாகப்பட்டினத்தில் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி வீட்டார் இங்கே வந்திருந்தபோது ஒகேனக்கல் போய் மீன் சாப்பிட்டாகிவிட்டது, அதியமான்கோட்டை பைரவர் கோயிலும் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குக் கூட்டிப் போனேன். இருபது வருடம் இதே ஊரில் இருந்தும் கைப்பிள்ளையோடு ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி, நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

வரிசையாக நடுகற்கள், சண்டையில் செத்த வீரர்களுக்கு நட்டவை. சம்பந்தி அண்ணன் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறவர், அதிகம் பேசமாட்டார். ஒரு கல் முன்னால் நின்றுவிட்டார். இடது கையில் வில், வலது கையில் வாள், இடுப்பில் குறுங்கத்தி, உடம்பில் அம்புகள் தைத்திருக்கின்றன. காலடியில் சின்னதாக ஒரு கெண்டியும் சிமிழும். மேலே வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன், தொறு மீட்டுப் பட்டான் என்பதுதான் பெரும்பாலான கல்லில் இருக்கும் செய்தி என்று அங்கிருந்தவர் சொன்னார். தொறு என்றால் மாட்டு மந்தை. "மாட்டைக் காப்பாத்தப் போய் செத்தவங்களா?" என்று அண்ணன் கேட்டார். ஆமாம் என்றதும், "இவங்களுக்கு இப்ப படையல் போடுறது யாரு தங்கச்சி?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இங்கே கொண்டுவந்து வைத்தவற்றுக்கு யாரும் இல்லை. ஊரில் இருப்பவற்றுக்கு இருக்கிறார்கள். அன்று சாயங்காலமே எங்கள் பிறந்த ஊருக்கு அழைத்துப் போய் வேடியப்பன் கோயிலைக் காட்டினேன். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, எண்ணெய் ஏறிக் கறுத்த கல். என் தம்பி பேரே வேடியப்பன்தான், இந்தச் சுற்றுப்பட்டில் தெருவுக்கு ஒரு வேடியப்பன் உண்டு. எண்ணெய்க்கு அடியில் அதே வில், அதே வாள். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டார். அகழ்வைப்பகத்தைப் பார்க்காமல் நேரே கோயிலுக்குப் போயிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது. அறுபது வயதில் என் குலசாமி முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

பென்னாகரம், பள்ளி ஆசிரியர்:

அக்கா, இதைத்தான் எதிர்பார்த்தேன். பக்கத்து மாவட்டத்தில் செங்கம் அருகே எடுத்தனூரில், கள்ளர்களைக் கடித்துத் தன் ஆளுக்குக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் சேர்த்து எடுத்த நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம். பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் விடமாட்டார்கள். கிருஷ்ணகிரி பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று காலக் கணிப்பு வந்ததை 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். மல்லசந்திரத்தில் மலை முழுக்கக் கல்திட்டைகள், இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களால் எழுப்பிய பழங்காலச் சின்னங்கள். இந்த வருடம் முதலில் தருமபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்கள், அதே நாளில் ஒரு வேடியப்பன் கோயில், பிறகு மல்லசந்திரம் என்று திட்டம் போட்டிருக்கிறேன். வட்டெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது ஒருநாள் எங்களோடு வர முடிந்தால் சொல்லுங்கள். பேருந்தும் மதியச் சாப்பாடும் பள்ளிப் பொறுப்பு. எண்ணெய் பூசிய கல்லை ஊர்ப் பூசாரியைக் கேட்காமல் தொடமாட்டோம் என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.