மறு: அணுசக்தி நீர்மூழ்கிக்கு மாற்றுச்சொல் வேண்டுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> ‘அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்’ என்று எல்லாருக்கும் பழகிவிட்டது. இனி எதற்குப் புதுச்சொல்?

பழகிவிட்டதுதான் சிக்கலே. ‘அணுசக்தி நாடு’ என்றால் அணுகுண்டு வைத்திருக்கும் நாடு என்றுதான் படிக்கிறோம். அதே பழக்கத்தில் ‘ஆஸ்திரேலியாவுக்கு அணுசக்தி நீர்மூழ்கிகள்’ என்ற தலைப்பைப் பார்ப்பவர், ஆஸ்திரேலியாவும் குண்டு வாங்குகிறது என்று முடிவு கட்டிவிடுவார். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றும் செய்துகொண்ட ஆக்கஸ் (AUKUS) பாதுகாப்பு ஏற்பாட்டில்தான் அந்தக் கப்பல்கள் வருகின்றன; அதில் குண்டுக்கு இடமில்லை. 2021 செப்டம்பரில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன், பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன், ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மாரிசன் மூவரும் சேர்ந்து அறிவித்தபோதே, அணு ஆயுதம் தங்களுக்கு வேண்டாம் என்று மாரிசன் சொல்லிவிட்டார். உலை அணுவில் ஓடும். ஏற்றுவது வழக்கமான டார்ப்பிடோவும் ஏவுகணையும்தான்.

இது பத்திரிகைத் தலைப்போடு நிற்கும் குழப்பம் என்றால் நானும் விட்டுவிடுவேன். சட்ட ஆவணங்களே இரண்டையும் பிரித்துப் பேசுகின்றன. 1985-இன் ராரோடோங்கா ஒப்பந்தம் தென் பசிபிக்கில் அணு ஆயுதத்தைத் தடுக்கிறது. உலையில் ஓடும் கப்பலைத் தடுக்கவில்லை. நியூசிலாந்தின் 1987 சட்டமோ ஆயுதத்துக்கு ஒரு தடை, அணுவில் ஓடும் கப்பல் உள்நாட்டு நீர்ப்பரப்புக்குள் நுழைவதற்கு வேறொரு தடை என்று தனித்தனிப் பிரிவுகளாக வைத்திருக்கிறது. அதனால்தான், குண்டே இல்லாவிட்டாலும் ஆஸ்திரேலியாவின் புதுக்கப்பல்கள் எங்கள் நீருக்குள் வர முடியாது என்று நியூசிலாந்தின் அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் சொன்னார். ‘அணுசக்தி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தச் சட்டத்தைத் தமிழில் பெயர்த்துப் பாருங்கள்.

நம் நாட்டு எடுத்துக்காட்டும் உண்டு. 1988-இல் சோவியத் ஒன்றியத்திடம் குத்தகைக்கு எடுத்த ஐ.என்.எஸ். சக்ராவில் அணுவுலை இருந்தது, அணு ஆயுதம் இல்லை. இந்தியாவிலேயே கட்டிய அரிஹந்த் நீர்மூழ்கியில் இரண்டும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரால்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

> அணு உந்து நீர்மூழ்கி?

‘உந்து’ என்றதும் எனக்கு ராக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. உலை எதையும் நேராக உந்துவதில்லை. அது நீரைச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டில் உண்டாகும் நீராவி விசைச்சுழலியைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். என் பரிந்துரை ‘அணுவுலை நீர்மூழ்கி’. கல்பாக்கமும் கூடங்குளமும் புண்ணியத்தில் அணுவுலை என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அரிஹந்த்தின் உலைக்கு முன்மாதிரியை ஓட்டிப் பார்த்ததும் கல்பாக்கத்தில்தான். குண்டு சுமப்பதை ‘அணு ஆயுத நீர்மூழ்கி’ என்றே எழுதுவோம். அரிஹந்த் போன்றதற்கு இரண்டு அடைமொழியும் சேரட்டும். நீளமானாலும் பொய் இருக்காது.

எதிர்ப்பக்கத்துக்கு ‘மரபுசார் நீர்மூழ்கி’ வேண்டாம் என்பேன். ‘டீசல்-மின் நீர்மூழ்கி’ போதும். ஆஸ்திரேலியா 2016-இல் பிரான்ஸிடம் கேட்ட 12 கப்பல்களின் கதையே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் பாரகுடா வகை அணுவுலையில் ஓடுவது. அந்த வடிவமைப்பை டீசலுக்கு மாற்றித் தரச்சொல்லி வாங்கியது ஆஸ்திரேலியா. ஐந்து ஆண்டில் அதைக் கைவிட்டு, அணுவுலைதான் வேண்டும் என்று வேறு வீட்டுக்குப் போனது. பாரிஸ் தன் தூதர்களை வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் திருப்பி அழைத்துக்கொண்டது. இழப்பீடாக 55.5 கோடி யூரோ கைமாறியது. பிரெஞ்சுக் கப்பலைக் கைவிட்டதற்குக் காரணம் தூரம்: டீசல் கப்பல் மின்கலத்துக்கு மின்னேற்ற மேலே வந்து குழாயை நீட்டிக் காற்று வாங்கியாக வேண்டும், நீட்டினால் ரேடாரில் தெரியும். அணுவுலைக் கப்பலுக்கு அந்தத் தொல்லை இல்லை, சோறு தீரும்வரை அடியிலேயே கிடக்கலாம். பெர்த் அருகிலிருந்து புறப்பட்டுத் தென்சீனக் கடல்வரை போய்வர நினைப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

> ஆக்கஸ்: முப்படைக் கூட்டணி

முப்படை என்றால் தரைப்படை, கடற்படை, வான்படை. இங்கே இருப்பது மூன்று நாடு. ‘கூட்டணி’யும் சரிவரவில்லை. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணைக்கு வருவதாக நேட்டோவில் இருக்கும் உறுதிமொழி ஆக்கஸில் கிடையாது. ‘கூட்டுறவு’ என்று போட்டால் ரேஷன் கடை வாசனை அடிக்கிறது. ‘முந்நாட்டுப் பாதுகாப்புக் கூட்டாண்மை’ என்று வைக்கலாமா? இலங்கை நண்பர்கள் ‘பங்காண்மை’ என்பார்கள், அதுவும் நல்ல சொல். எங்கள் ஊரில் பங்காளி என்றதும் வரப்புத் தகராறு நினைவுக்கு வருவதால் தயங்குகிறேன்.

‘தொழில்நுட்பப் பரிமாற்றம்’ என்று இழையில் பலரும் எழுதியிருக்கிறீர்கள். பரிமாறிக்கொள்வது இருவழி. நீர்மூழ்கி விஷயத்தில் போக்கு பெரும்பாலும் ஒருவழி. அமெரிக்கா இந்த உலை நுட்பத்தை 1958 ஒப்பந்தத்தின் கீழ் பிரிட்டனுக்கு மட்டுமே கொடுத்திருந்தது. பிரிட்டனின் முதல் அணுவுலை நீர்மூழ்கியான டிரெட்நாட்டில் இருந்ததே அமெரிக்க உலை. இப்போது மூன்றாவதாக ஆஸ்திரேலியா. 2023 மார்ச்சில் சான் டியேகோவில் அறிவித்தபடி, 2030-களில் அமெரிக்காவின் வர்ஜீனியா வகையில் மூன்று, தேவைப்பட்டால் இன்னும் இரண்டு. பிறகு பிரிட்டிஷ் வடிவமைப்பில் அடிலெய்டின் ஆஸ்போர்னில் கட்டுவது. அப்போதும் உலை வெல்டிங் செய்து மூடப்பட்ட நிலையிலேயே வரும், கப்பலின் ஆயுள் முழுக்க எரிபொருள் மாற்றவே வேண்டாம். யுரேனியச் செறிவூட்டல் ஆஸ்திரேலியாவில் நடக்காது. திறக்க முடியாத பெட்டியைத் தருவதற்குப் ‘பகிர்வு’ என்பதே கொஞ்சம் தாராளம். ‘வழங்கல்’ என்பேன்.

ஹைப்பர்சோனிக் ஏவுகணை, குவாண்டம் நுட்பம், செயற்கை நுண்ணறிவு எல்லாம் வரும் ஆக்கஸின் இரண்டாம் பகுதியில் மூவரும் சேர்ந்து உருவாக்குவதாக ஏற்பாடு. அங்கே ‘பகிர்வு’ பொருந்தும். அதை நாளிதழ்கள்போல ‘இரண்டாம் தூண்’ என்றே விடலாம், எனக்குச் சண்டையில்லை.

காற்று வாங்க மேலே நீட்டும் அந்தக் குழாய்க்கு மட்டும் என்னிடம் சொல் இல்லை. ‘மூச்சுக்குழல்’ மருத்துவர்களுடையது. குழுவில் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் யாராவது இருந்தால், கப்பலில் தமிழ்ப் பையன்கள் தங்களுக்குள் அதை என்னவென்று சொல்லிக்கொண்டார்கள் என்று எழுதுங்கள்.