ஊசிஸ்ட் பிரிக்க ஈத்தைல் அசிட்டேட்டைத் தவிர்க்கலாமா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார், திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். தம்பலகாமத்துக் கன்றுகளின் சாணத்தில் இருந்து வயிற்றோட்டம் தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் ஊசிஸ்ட்களை, அதாவது அதன் ஓடு மூடிய முட்டை போன்ற நிலையை, பிரித்தெடுத்து, மணல் வடிகட்டியில் எவ்வளவு தங்குகின்றன என்று பார்க்கிறேன். 4 முதல் 6 மைக்ரோமீட்டர்தான், வழமையாகப் போடும் குளோரினுக்கும் சாகாது, வடிகட்டி பிடிக்காவிட்டால் நேரே பிள்ளைகளின் வயிற்றுக்குள்தான் போகும்.

சாணக் கொழுப்பை அகற்ற ஈத்தைல் அசிட்டேட் என்ற கரைப்பானைப் போட்டால் ஓட்டின் மேற்பரப்பும் மாறி, மின்னேற்றமும் தண்ணீரோடு ஒட்டாத தன்மையும் வேறாகிவிடலாம். கெடாமல் இருக்கப் போமலினில் வைத்தாலும் இதே கவலை. அப்போது நான் அளப்பது குளத்தில் கிடக்கும் ஊசிஸ்ட்டையா, மருந்து பட்டதையா?

சீனிக்கரைசலில் மிதக்கவிட்டு, அப்புறம் பேர்கோல் என்ற, அடர்த்தியால் பிரிக்கும் கரைசலில் சுழற்றி மட்டும் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? சாணக் கொழுப்பு போதுமான அளவு போனதா? சீட்டா மின்னழுத்தம் (மேற்பரப்பு மின்னேற்றத்தைக் காட்டும் அளவு) அளக்கமுன் எத்தனை தடவை கழுவினீர்கள், எந்த உப்புச் செறிவில், எந்த பீஎச்சில்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.