பத்தியில் இல்லாத விடையைப் பிள்ளை எங்கிருந்து எடுப்பாள்? (ஆங்கிலத் தேர்வு, இன்ஃபரன்ஸ், அதாவது பத்தி நேராகச் சொல்லாததை ஊகித்தறியும் கேள்விகள்)

மழைக்காலம்:

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. கதைப் புத்தகங்களைத் தானாகவே எடுத்துப் படிக்கிறாள், கடினமான சொற்களுக்குப் பொருள் கேட்டாலும் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறாள். ஆனால் தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகளில் ஒரே ஒரு வகையில் மட்டும் விடாமல் மதிப்பெண் போகிறது. யார், எங்கே, எப்போது என்றால் முழு மதிப்பெண். "ஏன் அப்படிச் செய்திருப்பாள்?", "இதிலிருந்து அவரைப் பற்றி என்ன தெரிகிறது?", "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று வந்துவிட்டால் இரண்டுக்கு ஒன்று, சில சமயம் பூஜ்யம்.

பள்ளியில் கேட்டேன். "இன்ஃபரன்ஸ் பலவீனம், பயிற்சித் தாள் நிறையச் செய்ய வையுங்கள்" என்றார்கள். பதினெட்டுத் தாள்கள் செய்துவிட்டாள். மதிப்பெண் அசையவில்லை, எரிச்சல்தான் கூடியிருக்கிறது. வரிகளுக்கு நடுவில் இருப்பதைப் படி என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "வரிகளுக்கு நடுவில் வெள்ளைத் தாள்தான் இருக்கிறது அப்பா" என்றாள்.

அண்மையில் கோட்டைவிட்ட ஒன்றைத் தமிழில் தருகிறேன். மீராவும் அவள் தம்பியும் ஊருக்குப் புறப்படுகிறார்கள். பத்தியின் கடைசி வரிகள்: "பஸ் போய்விட்டிருந்தது. மீரா மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தம்பி மன்னிப்புக் கேட்டான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்."

கேள்வி: மீராவின் மனநிலை என்ன? எப்படித் தெரிகிறது? இரண்டு மதிப்பெண்.

மகளின் விடை: "மீரா வருத்தமாக இருக்கிறாள், ஏனென்றால் பஸ் போய்விட்டிருந்தது." பூஜ்யம்.

இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பிளஸ்டூ பெஞ்ச்:

நான் போன ஆண்டு இதே தொல்லையில் இருந்தேன். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு ஒரு குறிப்பு மட்டும் சொல்கிறேன். அதில் ஒரு விடை எப்போதும் உலகத்துக்கு உண்மையாக இருக்கும், பத்திக்கு உண்மையாக இருக்காது. "உழைப்பே உயர்வு தரும்" என்ற மாதிரி. யாரும் மறுக்க முடியாது, ஆனால் பத்தியில் அந்த ஆள் உழைக்கவே இல்லை, லாட்டரி விழுந்திருக்கும். நான் அதைத்தான் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, 'எப்போதும்', 'எல்லோரும்', 'ஒருபோதும்' என்று அடித்துச் சொல்லும் விடையைக் கொஞ்சம் சந்தேகப்படச் சொல்லுங்கள். அதுவே விதி என்று வைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு முறை நான் அதிலும் மாட்டினேன்.

சிவப்புமை:

இருபத்தேழு ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள், விடைத்தாள் மூட்டைகளோடு பல கோடை விடுமுறைகளைக் கழித்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. மீராவின் தம்பி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் 'பிரதர்' என்றுதானே இருந்திருக்கும்? அண்ணன் இல்லை, தம்பி என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பத்தியை மறுபடி பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான் குறை சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு வராத வேலையை நீங்கள் உங்களை அறியாமலே செய்து முடித்திருக்கிறீர்கள்.

நீங்கள் மட்டுமல்ல, எல்லோரும் இப்படித்தான். 1972இல் பிரான்ஸ்ஃபோர்டு என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். "மூன்று ஆமைகள் மிதக்கும் கட்டையின் மேல் இருந்தன, அவற்றுக்கு அடியில் ஒரு மீன் நீந்திப் போனது" என்ற வாக்கியத்தைக் கேட்க வைத்தார்கள். பிறகு, மீன் 'கட்டைக்கு அடியில்' போனதாக ஒரு வாக்கியத்தைக் காட்டினால், அதையும் கேட்டதாகவே பலர் நினைத்தார்கள். கேட்கவில்லை. ஆமை கட்டையின் மேல் என்றால், ஆமைக்குக் கீழே போன மீன் கட்டைக்கும் கீழேதான் போயிருக்க வேண்டும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை நினைவோடு சேர்த்துத் தைத்துவிட்டது. ஆமைகள் கட்டையின் 'பக்கத்தில்' இருந்தன என்று சொன்னபோது இந்தக் குழப்பம் வரவில்லை. ஆகவே உய்த்துணர்வது என்பது உங்கள் மகளிடம் இல்லாத ஏதோ தனித்திறமை அல்ல. செய்துகொண்டுதான் இருக்கிறாள். எந்தச் சொல்லை வைத்துச் செய்தாள் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. பதினெட்டுத் தாள் அல்ல, எண்பது தாள் செய்தாலும் அந்தப் பழக்கம் வராது. தாள் சோதிக்கும், கற்றுத்தராது.

நான் வகுப்பில் செய்தது இது. ஒரு நாளைக்கு ஆறு வரி, அதற்கு மேல் இல்லை. அதைத் தமிழில் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்புப் பயிற்சி அல்ல, அழகாக வர வேண்டாம். ஆனால் ஆங்கிலம் சொல்லாமல் விடும் சில விஷயங்களைத் தமிழ் சொல்லாமல் விடாது, அதுதான் இதில் உள்ள லாபம். 'பிரதர்' என்றால் அண்ணனா தம்பியா? 'அங்கிள்' என்றால் மாமாவா, சித்தப்பாவா, வெறும் பக்கத்து வீட்டுக்காரரா? இருவர் பேசுகிறார்கள், 'யூ' என்று வருகிறது: நீயா, நீங்களா? 'வீ' என்று வருகிறது: கேட்பவரையும் சேர்த்து நாமா, அவரை விலக்கி நாங்களா? தமிழில் வாயைத் திறக்கும்போதே இதற்கெல்லாம் முடிவு எடுத்தாக வேண்டும். எடுத்த முடிவுக்குச் சான்று எங்கே என்று கேளுங்கள். விரலை ஒரு சொல்லின் மேல் வைக்க வேண்டும். வைக்க முடியாவிட்டால் "பத்தி சொல்லவில்லை" என்று சொல்லலாம், அதுவும் சரியான விடைதான். "பேசும் இருவருக்கும் என்ன உறவு?" என்று தேர்வில் கேட்கிறார்களே, நீ, நீங்கள் என்பதைத் தேர்ந்தெடுத்தவுடன் அதில் பாதி விடை வந்துவிட்டது.

அடுத்தது சின்னச் சொற்கள். பிள்ளைகள் பெரிய சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவார்கள், சின்னச் சொல்லைத் தாண்டிக் குதிப்பார்கள். ஆனால் கேள்வி தயாரிப்பவர் பொருளை ஒளித்து வைப்பது சின்னச் சொல்லில்தான். 'அகெய்ன்' என்றால் முன்பும் ஒரு முறை நடந்திருக்கிறது. 'ஸ்டில்' என்றால் இந்நேரம் மாறியிருக்க வேண்டியது இன்னும் மாறவில்லை. 'யூஸ்ட் டு' என்றால் பெரும்பாலும் இப்போது இல்லை. 'மேனேஜ்ட் டு' என்றால் செய்து முடித்தான், ஆனால் பாடுபட்டு. 'ஈவன்' வந்தால் எதிர்பார்க்கவே முடியாத ஒன்று நடந்திருக்கிறது. இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. "கண்ணனும் வந்தான்" என்றால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இலக்கண வகுப்பில் எச்ச உம்மை என்று பெயர் சொல்லிப் படிக்கிறோம். அதே காதை ஆங்கிலத்துக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது மீராவிடம் வருவோம். "மறுபடியும் பார்த்தாள்": முன்பே பார்த்திருக்கிறாள், நேரமாகிறது என்ற பதற்றம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. "மன்னிப்புக் கேட்டான்": தாமதத்துக்குக் காரணம் அவன், குறைந்தது அவன் அப்படி நினைக்கிறான். பதில் வரவில்லை, அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள்: கோபம், அதுவும் பஸ் மீது அல்ல, அவன் மீது. உங்கள் மகள் பத்தியில் இருந்த வரியையே காரணமாக எடுத்து எழுதிவிட்டாள். பஸ் போனது நிகழ்ச்சி. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு மீரா என்ன செய்தாள் என்பதுதான் சான்று. "மீராவுக்குத் தன் பிரதர் மேல் கோபம். அவன் மன்னிப்புக் கேட்டும் பதில் சொல்லாமல் நடக்கத் தொடங்கினாள்." இவ்வளவு போதும், இரண்டு மதிப்பெண் கொடுத்திருப்பேன். பஸ்ஸைத் தவறவிட்ட வருத்தமும் இருக்கும்தானே என்று அவள் வாதாடினால் விடாதீர்கள், இருக்கட்டும், எந்தச் சொல்லில் இருக்கிறது என்று கேளுங்கள்.

எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை பத்தியில் இப்படி ஒரு வரி: "அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டதும் அவன் நனைந்த செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்." இதிலிருந்து என்ன தெரிகிறது? ஈரமான எங்கோ போயிருக்கிறான், அது அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறான். பத்தி நம்மை அழைத்துப்போகும் தூரம் அவ்வளவுதான். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் ஆற்றுக்குப் போனான் என்று எழுதினார்கள். ஆறு பத்தியில் எங்குமே இல்லை. ஒருவன் மீன் பிடிக்கப் போனதாக எழுதி, எத்தனை மீன் என்றும் கணக்குக் கொடுத்திருந்தான். கதை எழுதும் போட்டியாக இருந்தால் அவனுக்குத்தான் பரிசு. மதிப்பெண் போட முடியவில்லை, இன்றைக்கும் அவன் எண்ணிக்கை நினைவிருக்கிறது: ஏழு.

மழைக்காலம்:

டீச்சர், பத்தியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'பிரதர்' என்றுதான் இருக்கிறது. தம்பி என்று எங்குமே இல்லை. முதல் வரிகளில் மீரா அவனை இரண்டு முறை எழுப்புகிறாள், ஷூ நாடாவைக் கட்டிவிடுகிறாள். அந்த நாடாதான் எனக்குள் தம்பி என்று சொல்லியிருக்கிறது. எழுதும்போது எனக்கே தெரியவில்லை.

இதை மகளிடம் சொன்னேன். அப்பாவும் பத்தியில் இல்லாததை எழுதினார் என்பதில் அவளுக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

நூலகப்படி:

சிவப்புமை அம்மா சொன்னதில் எனக்கு ஒரு சின்ன மாறுபாடு உண்டு. விரலை வைக்கும் பழக்கம் தேவைதான், ஆனால் விஷயமே தெரியாவிட்டால் விரல் எங்கே போகும்? 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாதவர்களை முந்திவிட்டார்கள். என் தங்கை பையனுக்கும் இதேதான் நடந்தது. பாய்மரப் படகைப் பற்றிய பத்தி. காற்று விழுந்துவிட்டது என்று ஒரு வரி. படகோட்டி ஏன் கவலைப்பட்டார் என்று கேள்வி. காற்று இல்லாவிட்டால் பாய்மரப் படகு நகராது என்பது தெரியாத பிள்ளை என்ன ஊகிக்கும்? புயல் நின்றது, ஆகவே மகிழ்ச்சி என்று எழுதிவிட்டு வந்தான். கண்டதையும் படிக்க வையுங்கள், தேர்வுக்குத் தொடர்பில்லாததையும்.

சிவப்புமை:

நூலகப்படி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். கண்டதையும் படிக்க ஆண்டுகள் வேண்டும், தேர்வுக்கு மாதங்கள்தான் இருக்கின்றன. அந்தப் பையன் எழுதியதில் ஒன்றைக் கவனியுங்கள். கேள்வியே "ஏன் கவலைப்பட்டார்" என்கிறது, அவன் மகிழ்ச்சி என்று எழுதியிருக்கிறான். படகு தெரியாதது ஒரு குறை. கேள்வியே கையில் கொடுத்த குறிப்பைத் தள்ளிவிட்டது இரண்டாவது குறை, அதை ஒரு வாரத்தில் சரி செய்யலாம்.

விடை எல்லாம் பத்தியில் அப்படியே இருக்கும் என்று பெற்றோர்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதையும் விட்டுவிடுங்கள். பிர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்புத் தேர்வு நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. அதன் 2021 வடிவமைப்பில் பத்தியில் நேராக இருப்பதை எடுத்துக் கொடுக்கும் கேள்விகளுக்கு ஒதுக்கியது 20 விழுக்காடுதான். எளிய ஊகத்துக்கு 30, கருத்துகளைக் கோத்துப் பொருள் காண்பதற்கு 30, எடைபோட்டுப் பார்ப்பதற்கு 20. நான்காம் வகுப்பிலேயே இப்படி.

பிளஸ்டூ பெஞ்ச்:

ஒரு சந்தேகம் அம்மா. தேர்வு அறையில் தமிழில் சொல்லிப் பார்த்து, விரல் வைத்து, சான்று தேடி... நேரம் எங்கே இருக்கிறது?

சிவப்புமை:

தேர்வு அறையில் செய்யாதே. வீட்டில் ஒரு மாதம் செய்தால், அறையில் கண் தானாகவே அந்தச் சொல்லில் நிற்கும். சைக்கிள் கற்றுக்கொள்ளும்போது பெடலைப் பார்த்துப் பார்த்து மிதித்தாய், இப்போதும் அப்படியா ஓட்டுகிறாய்? அறையில் ஒன்று மட்டும் செய்: முதலில் கேள்வியைப் படி, பிறகு பத்தியை, பென்சில் கையில் இருக்கட்டும்.

மழைக்காலம்:

மூன்று வாரம் ஆகிறது. தேர்வு இன்னும் வரவில்லை, மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நேற்று இரவு வீட்டில் ஒரு சண்டை, தீர்ப்பு உங்களிடம் வேண்டும்.

பத்தியில் காலில் அடிபட்ட ஓர் ஆட்டக்காரன். பயிற்சியாளர் அவனுடைய ஷூவை எடுத்து அவன் பையில் வைத்து ஜிப்பை மூடுகிறார். பிறகு 'வீ' நாளைக்கு ஜெயிப்போம் என்கிறார். ஆறுதல் சொல்கிறார், ஆகவே "நாம்" என்றேன் நான். மகள் "நாங்கள்" என்கிறாள். ஷூவைப் பையில் வைத்து மூடிவிட்டாரே, அவன் நாளைக்கு ஆடப் போவதில்லை, அணியில் அவனைச் சேர்க்காமல்தான் பேசுகிறார் என்று விரலை ஜிப்பின் மேலேயே வைத்துக்கொண்டு அசைய மறுக்கிறாள்.

சிவப்புமை:

அதைச் சொல்லும்போது அவர் யாரைப் பார்த்தார்? அந்த வரியையும் போடுங்கள்.

மழைக்காலம்:

ஜன்னலைப் பார்த்துச் சொன்னார் என்று இருக்கிறது.

சிவப்புமை:

அப்படியானால் உங்கள் மகள் சொன்னதுதான்.