பொருள்: அதே மாறிப் பெயர், வேறு வகை: ‘மறுவகையிடல்’ சரிவருமா?

> ரஸ்டில் சொல்வது போல இதையும் ‘மறைப்பு’ என்றே எழுதிவிடலாமே. புதுச் சொல் எதற்கு?

வணக்கம்.

எதற்கென்றால், பைத்தான் மொழியில் ஒரு மாறிக்கு வேறு வகை மதிப்பைக் கொடுக்கும்போது எதுவும் மறைவதில்லை. ரஸ்ட் மொழியில் இரண்டாவது லெட் (மாறியை அறிவிக்கும் சொல்) எழுதினால் அதே பெயரில் புதிய மாறி ஒன்று பிறந்து பழையதை மறைக்கிறது. உள் தொகுதிக்குள் எழுதியிருந்தால், தொகுதி முடிந்ததும் பழையது மறுபடி தலைகாட்டும். பைத்தானில் இருப்பது ஒரே பெயர்தான். அது பழைய பொருளை விட்டுவிட்டுப் புதிய பொருளைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே.

எல்லோரும் எழுதுகிற இரண்டு வரிகளைப் பாருங்கள் (இன்புட் தருவது சரம், அதாவது எழுத்துத் தொடர்; இன்ட் அதை முழுவெண்ணாக்கும்):

வயது = இன்புட்()
வயது = இன்ட்(வயது)

ஓட்டினால் ஒரு சிக்கலும் இல்லை. ஓட்டாமலே வகைகளைச் சரிபார்க்கும் மைபை என்ற கருவியிடம் கொடுத்தால் இரண்டாம் வரியில் மடக்கும்: மாறி சரம், வருவது முழுவெண், பொருந்தவில்லை. முதல் வரியிலேயே வகையை ஊகித்து முடிவுகட்டிவிடுகிறது அது. அலவ்-ரீடெஃபினிஷன் என்ற தெரிவைப் போட்டால் விட்டுவிடும். அதுவும், தெரிவு முதலில் வந்த வடிவில், இரண்டு வரியும் ஒரே தொகுதியில், ஒரே உள்தள்ளலில் இருந்தால்தான். இன்னொரு சரிபார்ப்பியான பைரைட்டின் போக்கே வேறு. வகைக் குறிப்பு எழுதாத மாறி என்றால், கடைசியாக வந்த மதிப்பின் வகையை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும்.

ஆக, இங்கே நடப்பவை இரண்டு. பெயர் வேறு பொருளைப் பிடிப்பது பைத்தானின் வேலை, அதற்கு ‘மறுபிணைப்பு’ போதும். எண்ணி = எண்ணி + 1 என்பதும் மறுபிணைப்புதான், அங்கே வகை மாறவில்லை. கூடவே வகையும் மாறினால் சரிபார்ப்பி ஒப்புக்கொள்கிறதா என்பது தனிக் கேள்வி. ‘மறுவகையிடல்’ கேட்பது அதற்குத்தான்.

‘வகைமாற்றம்’ ஏற்கெனவே இன்ட்() செய்கிற வேலைக்குப் போய்விட்டது. மேலே உள்ள இரண்டாம் வரியில் இரண்டுமே நடக்கின்றன. ஒரே சொல்லை வைத்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். ‘மறுவரையறை’ நல்ல சொல்தான், ஆனால் ஒரே பெயரில் இரண்டு டெஃப் (செயற்கூறு) எழுதுவதைச் சொல்ல அது நமக்கு வேண்டும்.

பிழைச் செய்தியில் வைத்துப் பார்த்தேன்: “‘வயது’ மறுவகையிடப்படுகிறது: சரம் → முழுவெண்.” கொஞ்சம் நீளம், ஆனால் நாக்கு தடுக்கவில்லை. ‘வகை மறுபிணைப்பு’ என்று பிரித்து எழுதலாம் என்பவர்கள் இதே மாதிரி ஒரு செய்தியை எழுதிக் காட்டுங்கள், ஒப்பிடுவோம்.

அப்புறம், ‘நேரோயிங்’குக்கு (நிபந்தனையைப் பார்த்துச் சரிபார்ப்பி மாறியின் வகையைச் சுருக்கிக்கொள்வது) ‘வகைக் குறுக்கம்’ என்று வந்த யோசனையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.