புதுச்சேரி மாடியில் ருபார்ப்: வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். லாஸ்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் அக்டோபரில் ருபார்ப் (புளிப்பான தண்டைச் சமைத்துச் சாப்பிடும் குளிர்நாட்டுச் செடி) விதைத்தேன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் அக்கா வீட்டில் சாப்பிட்ட ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. சர்க்கரை போட்டு வேகவைத்தால் புளிச்சக்கீரையின் புளிப்போடு ஒரு பழ வாசனையும் சேர்ந்து வரும். அங்கே குளிர் பட்ட வேர்க்கட்டையை இருட்டுக் கொட்டகையில் வைத்து வளர்த்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பறிக்கிறார்கள். ஜனவரியிலேயே இளஞ்சிவப்புத் தண்டு கிடைத்துவிடும்.

நம் ஊரில் அந்தக் குளிர் ஏது? ஐந்து செடியில் மழைக்குத் தப்பியது இரண்டு. தண்டு சுண்டுவிரல் கனம்தான், அடியில் மட்டும் சிவப்பு. அங்கே போல இருட்டில் வளர்க்க, வாளியைக் கவிழ்த்து மூடலாமா என்று பார்த்தேன். முதல் வருஷ வேரில் அதற்குத் தெம்பு இருக்காது, விட்டுவிட்டேன்.

கடலூர், புதுச்சேரி பக்கம் யாராவது வளர்த்திருக்கிறீர்களா? பங்குனி வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை தாங்குமா, இல்லை தொட்டியைக் கீழே இறக்கிவிடவா? அதற்குள் எல்லாத் தண்டையும் பறித்துவிட்டு, வருஷா வருஷம் புதிதாக விதைப்பதுதான் சரியா?

இலையில் ஆக்சாலிக் அமிலம் அதிகம் என்பதால் தண்டை மட்டும்தான் எடுப்பேன். இலையை ஆட்டுக்குக்கூடப் போடுவதில்லை.