புதுப்பிப்பு: மீட்பு விசை கேட்டுச் சுழன்ற மடிக்கணினி

பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) மேம்படுத்தலுக்குப் பின் மடிக்கணினி ஒவ்வொரு தொடக்கத்திலும் பிட்லாக்கர் (வட்டை மறையாக்கம் செய்து, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி, பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்பு விசை கேட்கிறது என்று எழுதியிருந்தேனே, தீர்ந்துவிட்டது. 48 இலக்க விசையைக் கொடுத்து விண்டோஸுக்குள் நுழைந்து, பிட்லாக்கர் பாதுகாப்பை இடைநிறுத்தி, பிறகு அந்தப் பாதுகாப்பை மீண்டும் இயக்கினேன். அவ்வளவுதான்.

கணினியிலுள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு, வட்டைத் திறக்கும் சாவியை ஃபர்ம்வேர் (பயாஸ் போல வன்பொருளில் பதிந்த மென்பொருள்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி) போன்றவற்றின் அளவீடுகளோடு, அதாவது அவற்றின் நிலையைக் காட்டும் கைரேகை போன்ற பதிவுகளோடு, பிணைத்து வைத்திருக்கிறது. ஃபர்ம்வேர் மாறினால் அளவீடும் மாறலாம். அப்போது சில்லு சாவியைத் தராமல் கையை விரித்துவிடும். இடைநிறுத்திய பாதுகாப்பை மீண்டும் இயக்கும்போது சாவி புதிய அளவீட்டோடு பிணைகிறது.

ஆகவே பயாஸை மேம்படுத்தும் முன்பே பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள். வட்டின் மறையாக்கம் அதனால் நீங்காது. செக்யூர் பூட்டை அணைக்கச் சொன்ன நண்பர்களுக்கு நன்றி, ஆனால் அது அளவீட்டை இன்னொரு முறை மாற்றும், வம்புதான் கூடும். மீட்பு விசையைத் தாளில் எழுதி வையுங்கள். பூட்டிய வட்டுக்குள் இருந்தால் எப்படி எடுப்பது?