புதுப்பிப்பு: இரவில் அணைந்த சோலார் சென்சார்

சோலாரில் ஓடும் ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டு சிப்) சென்சார் விடியுமுன் அணைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தேன். பெரிய பேனல் போடச் சொன்னீர்கள். பேனலில் குறையில்லை, சார்ஜ் வீணாவது போர்டில்தான். டீப் ஸ்லீப்பில், அதாவது வேலையில்லாமல் தூங்கும்போது, சிப் எடுப்பது சுமார் 10 மைக்ரோஆம்ப். மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரோ சும்மா இருந்தே சுமார் 5 மில்லிஆம்ப் தின்கிறது. பவர் எல்இடி வேறு! போதாததற்கு, அந்த ரெகுலேட்டருக்கு உள்ளீடு வெளியீட்டைவிடச் சுமார் ஒரு வோல்ட் கூடுதலாக வேண்டும். லித்தியம் அயன் செல் கொஞ்சம் இறங்கினாலே 3.3 கிடைக்காது.

ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லை நேரே போர்டின் 3.3 வோல்ட் பின்னில் (pin) கொடுத்தேன். முழு சார்ஜில் 3.6, சிப்பின் மேல்வரம்பும் அதுதான். (எல்இடியைப் பிடுங்கியதில் தனி சந்தோஷம்.) இதற்கு டிபி4056 சார்ஜர் ஆகாது, 4.2 வோல்ட் வரை ஏற்றிவிடும். வைஃபை எழும்போது மின்னோட்டம் குதிப்பதால் அதைத் தாங்க அந்த 3.3 வோல்ட் பின்னுக்குப் பக்கத்தில் பெரிய கெபாசிட்டர் ஒன்று உண்டு. இப்போது இரவு முழுக்க ஓடுகிறது.